மானுக்குப் பந்தல் போட்ட தசரதன்

இன்று மண்ணூரில் தசரதனைச் சந்தித்தேன்.

யார் தசரதன் என்று கேட்பீர்கள். போன வாரம் நம் மின்னஞ்சல் குழுவில் ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொதித்தோமே, மான் இடமாற்றக் குழுவின் அறிக்கை, அதன் நான்காம் பக்கத்தில் பெயர் இல்லாமல் ஒரு ‘பந்தல் ஒப்பந்ததாரர்’ வருவாரே, அவர்தான். அவர் கட்டிய மட்டமான துணி கிழிந்ததால் பத்துப் புள்ளிமான்கள் செத்துப்போயின என்கிறது அந்தப் பக்கம். அதை அப்படியே நம்பி, ‘இந்த ஆளைப் பிடித்து உள்ளே போட வேண்டும்’ என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். இன்று மூன்று மணி நேரம் அவர் கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இனி நடுவில் நான் வரவில்லை. அவர் கதை மட்டும்.

தசரதனுக்கு நாற்பத்தெட்டு வயது. தகரக் கொட்டகைதான் கடை. உள்ளே சவுக்குக் கம்பம், கயிற்றுக் கட்டு, இரும்பு நாற்காலி, ஆள் உயரத்துக்கு மடித்து அடுக்கிய ஷாமியானா துணி. கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம், கம்பெனி பூமி பூஜை எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை அவ்வளவு சுத்தம். அதைவிட முக்கியம், அவர் வாயில் ‘முடியாது’ வராது. எல்லாம் கட்டி முடித்த பிறகு, வாசல் இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னாலும், “ஆவட்டுங்க” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார். கேட்டதைச் செய்து கொடுப்பதுதான் பந்தல் தொழில் என்று முப்பது வருடமாகப் பழகிய கை அது. அந்தப் பழக்கம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் மான்கள். பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு பணக்காரரின் பண்ணை இருந்தது. அழகுக்காக நாலைந்து புள்ளிமான் வளர்த்தார். அவர் போன பிறகு வாரிசுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வேலி சாய்ந்தது. மான்கள் வெளியே நடந்து போய், ஏரிக்கரை, வேலிக்காத்தான் புதர், தைலமரத் தோப்பு என்று பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பெருகிவிட்டன. கடலைக் கொல்லைக்காரர்கள் திட்டினார்கள், அவ்வளவுதான். பிறகு கம்பெனிகள் வர ஆரம்பித்தன. 2003 கடைசியில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி புதரையும் குட்டையையும் சேர்த்து இருநூறு ஏக்கரை மதில் போட்டு வளைத்தது. மதிலை மூடிய பிறகுதான், உள்ளே நாற்பத்தைந்து மான் மாட்டிக்கொண்டது தெரிந்தது!

காட்டு மான் என்றால் ஒரு துறை பொறுப்பு. வளர்ப்பு மான் என்றால் வேறொரு துறை. பண்ணையில் இருந்த மானின் பேரக்குட்டி புதரில் பிறந்தால் அது எந்தக் கணக்கு? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு கோப்பு மேஜை மேஜையாகச் சுற்றியது. மதிலுக்குள் குட்டை வற்றிக்கொண்டே வந்தது. மானுக்குத் தாகம் எடுப்பதற்குக் கோப்பில் இடம் கிடையாது. கடைசியில், எந்தத் துறையும் முழுதாகப் பொறுப்பேற்காத ஒரு ‘மான் இடமாற்றக் குழு’ பிறந்தது. மான்களைப் பிடித்துத் தூரத்தில் ஒரு காட்டில் விடுவது திட்டம். அந்தக் குழு செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அதிகாரிகள் உட்கார்ந்து பார்க்கப் பந்தல் சொன்னது.

அப்படித்தான் தசரதன் உள்ளே போனார். 2004 மாசி மாதம். மேலே ஷாமியானா, மூன்று பக்கம் சைடு துணி, சோபா நாற்காலி பன்னிரண்டு, மோர் வைக்க ஒரு மேஜை. அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். அறுபது ஆட்கள் வலையோடு புதரைச் சுற்றி நின்றுகொண்டு, தகரத்தைத் தட்டி, கத்தி, மான்களை விரட்டினார்கள். உள்ளே கம்பெனிக்காரர்கள் சாமான் போட்டுவைத்த இடத்தைச் சுற்றிக் கம்பி வலை வேலி இருந்தது. மான்கள் அதில் வந்து வந்து மோதின. வேகம் குறையவே இல்லை, எதிரில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஓடி வந்து மோதின. கழுத்து முறிந்து மூன்று. மற்ற நாலுக்கு உடம்பில் ஒரு கீறல் கிடையாது. வலையில் விழுந்து, கண்ணை உருட்டி, நாலு முறை மூச்சு வாங்கிப் பயத்திலேயே செத்துப்போயின. ஒரே நாளில் ஏழு. உயிரோடு பிடித்தது ஒன்றுகூட இல்லை.

பந்தலுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தசரதனும் இதைப் பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது அதை மட்டும் இல்லை. மிரண்ட நாலு மான்கள் நேராக அவருடைய பந்தலை நோக்கி வந்தன. துணி கிழியப்போகிறது என்று அவர் பதறினார். பத்தடி தூரத்தில் அவை சட்டென்று திரும்பி, துணியை ஒட்டியே ஓடிப்போய்விட்டன. ஒரு கொம்பு பட்டால் டர்ரென்று கிழிகிற துணி!

எல்லோரும் வண்டி ஏறிப் போன பிறகு, செத்த மான்களின் பக்கத்தில் ஒரே ஒருவர் நின்றார். குழுவுக்காக அனுப்பப்பட்ட வனவர் இராமச்சந்திரன். தசரதன் அவரிடம் போனார்.

“சார், ஒன்னு சொன்னா திட்ட மாட்டீங்களே?”

“இன்னிக்கு வாங்குன திட்டே வயிறு நெறைய இருக்குய்யா. சொல்லு.”

“கம்பி வேலி மானு கண்ணுக்கே தெரியல சார். அத்தொட்டுதான் அதுல போய் முட்டிக்கினு சாவுது. என் துணிய மட்டும் செவுருன்னு நெனச்சிகினு ஒதுங்கிப் போவுது. கிழிச்சிகினு பூந்துடலாம்னு அதுக்குத் தெரியல.”

“சரி, அதுக்கு?”

“செவுரு கட்டிடலாம் சார், துணியிலயே. பொதர் கிட்ட வாய அகலமா வச்சி, போவப் போவ சின்னதாக்கிகினு வந்து, லாரி கிட்ட முடிச்சிடலாம். தொரத்த வாணாம். உள்ள தீனி வச்சா தானா வரும்.”

இராமச்சந்திரன் அவரையே பார்த்தார். “யோவ், ஆப்பிரிக்காவுல இப்படித்தான் பிடிக்கிறாங்கன்னு எனக்கு ட்ரெய்னிங்ல சொன்னாங்கய்யா. நான் மறந்தே போயிட்டேன். உனக்கு யாரு சொன்னது?”

“மானுதான் சொல்லிச்சி சார்.”

மேலே பேசி அனுமதி வாங்கினார் இராமச்சந்திரன். ஏழு மான் செத்த செய்தி பத்திரிகையில் வந்திருந்ததால் மேலே இருப்பவர்களும் அப்போது பேசாமல் தலையாட்டினார்கள். தசரதன் கடையில் இருந்த துணியை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். மனைவி மரகதம்தான் கடையின் தையல்காரி. ஷாமியானா ஓரங்களில் தொங்குகிற ஜாலரை எல்லாம் பிரித்தெடுக்கச் சொன்னபோது அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இன்னாய்யா, மானுக்குக் கல்யாணமா?”

“ஆமாமே. நீதான் பொண்ணு வூடு.”

“பொண்ணு வூட்டுக்காரிக்கு ஒரு பொடவகூட இல்லியா? ஜாலர் நல்லாத்தானே கீது, அத்த ஏன் பிரிக்கணும்?”

“காத்துல ஆடுச்சின்னா மெர்சலாயிடும்மே. துணி செவுரு மாதிரி சும்மா நிக்கணும்.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே நாலு நாள் உட்கார்ந்து ஐந்நூறு அடிக்கு ஜாலர் பிரித்தாள். பளபள சிவப்புத் துணியை ஒதுக்கிவிட்டு, மங்கிப்போன பச்சையையும் சாவு வீட்டுக்குப் போகும் வெள்ளையையும் சேற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

கம்பம் நட ஆள் வேண்டும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, லீவு நாளில் தசரதனிடம் வேலைக்கு வரும் பேச்சிராஜ் வந்தான். ஊர் சங்கரன்கோவில் பக்கம். கடப்பாறையைப் போட்டுக்கொண்டே அவன் சொன்னான்.

“அண்ணாச்சி, எங்க ஊர்ல கோயில் கொடைக்குப் பந்தல் போடுவோம், கலியாண வீட்டுக்குப் போடுவோம். மானுக்குப் பந்தல் போட்டேன்னு எங்கம்மைகிட்ட சொன்னேன்னு வைங்க, பயலுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டுன்னு அடுத்த பஸ்ஸ புடிச்சி வந்துருவா.”

“வரட்டும்டா. வந்தா ஒரு கம்பத்த புடிக்கச் சொல்லு.”

புதர் ஓரத்தில் நூறு அடி அகல வாய். முந்நூறு அடி தூரத்தில் அது ஒரு கதவு அகலத்துக்குச் சுருங்கும். கடைசியில் லாரி. பலகைச் சரிவில் மண் கொட்டிப் புல் பரப்பியிருந்தார்கள், கால் வைத்தால் தரை மாதிரியே இருக்கும். உள்ளே தொட்டியில் தண்ணீர், கடலைக்கொடி, வேலிக்காத்தான் காய். பிறகு ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் இந்த வேலையில் கஷ்டம். இருபது நாள் ஒன்றுமே செய்யாமல் இருந்தார்கள். மான்கள் வந்தன, மோந்து பார்த்தன, ஓடின. மறுநாள் இன்னும் பத்தடி உள்ளே வந்தன. தின்றன, திரும்பிப் போயின. யாரும் பேசக் கூடாது, பீடி பிடிக்கக் கூடாது, இருமல் வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொள்ள வேண்டும். காலை ஐந்தரை மணிக்குத் துணிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தால், வெயில் ஏறும் வரைக்கும் தசரதன் அசைய மாட்டார்.

இருபத்தோராம் நாள் காலை பதினொரு மான்கள் கடலைக்கொடியைத் தின்றுகொண்டே குறுகிய இடத்துக்குள் வந்தன. தசரதன் ஒரே ஒரு கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. பின்னால் துணி சத்தம் இல்லாமல் இறங்கியது. திரும்பிப் பார்த்த மான்களுக்குப் பின்பக்கம் சுவர். முன்னால் மட்டும் புல். ஒவ்வொன்றாக ஏறின. லாரிக் கதவு மூடியது. ஒன்றுக்குக்கூட மூச்சு வாங்கவில்லை!

யாரும் கை தட்டவில்லை. தட்டக் கூடாது. தசரதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, துணிக்குப் பின்னால் தோள் குலுங்க அழுதார். இராமச்சந்திரன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இரண்டாம் முறை ஒன்பது போயின. அதிலும் சாவு இல்லை. இருபது மான் காட்டில் இறங்கிப் புல் மேய்ந்தது என்று இராமச்சந்திரன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பாக்கி பதினெட்டு. இன்னும் ஒரு மாதம் கொடுத்திருந்தால் போதும். ஒரே ஒரு மாதம்.

கொடுத்தார்களா? கம்பெனி திறப்பு விழாவுக்குத் தேதி வந்துவிட்டது. விழாவோடு விழாவாக, பெரிய விருந்தினர் முன்னிலையில் ‘கடைசி மான்களை வழியனுப்பும் நிகழ்ச்சி’ ஒன்றை வைக்கலாம் என்று குழுவின் தலைமை அதிகாரிக்கு யோசனை பிறந்தது. இராமச்சந்திரன் மறுத்துப் பேசினார், இன்னும் ஒரு மாதம் கேட்டுக் கெஞ்சினார். விழா நேரம் பார்த்து அவரை, மான் விடும் காட்டில் ஏற்பாடு பார்க்க வேண்டும் என்று நூறு மைலுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் அதிகாரி வந்தார். துணிச் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

“ஏம்ப்பா, வர்றவங்க உன் துணியையா பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க? மான் தெரிய வேண்டாமா? போட்டோகிராபர்லாம் வர்றாங்க. ஜன்னல் மாதிரி ஒரு அஞ்சு எடத்துல வெட்டி விடு.”

“சார், அது வாணாம் சார். வெளிச்சம் தெரிஞ்சா அதுல பாயும்.”

“நீ பந்தல்காரனா, மாட்டு டாக்டரா?”

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். தசரதனும் சிரித்தார். கஸ்டமர் நக்கல் பண்ணினால் சிரிக்கவும் பழகிய ஆள்தானே. “ஆவட்டுங்க” என்றார். கத்தரிக்கோலை எடுத்தார்.

இந்த இடத்தைச் சொல்லும்போது அவர் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்து ஜன்னல். சும்மா வெட்டிவிட்டுப் போகவும் அந்தக் கைக்குத் தெரியவில்லை! பிசிறு தெரியக் கூடாது என்று ஓரத்தை மடித்து ஊசி குத்தி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே சிவப்பு ஜாலர் வைத்தார். நாலு நாள் உட்கார்ந்து மரகதம் பிரித்தாளே, அதே ஜாலர். “லச்சணமா இருக்கு” என்றார் அதிகாரி. அந்த ஒரு வார்த்தைக்குத் தசரதனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்ததாம். அதைத்தான் அவரால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பதினெட்டு மான்களும் வந்துவிட்டன. அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது அவற்றுக்கு. ஜன்னல் ஓரமாக வரும்போது தயங்கின, காதை விடைத்தன, கொடியின் வாசனைக்கு மெதுவாக நகர்ந்தன. ஜன்னலுக்கு வெளியே இருபதடியில் இரும்புத் தடுப்பு, அதற்குப் பின்னால் நாற்காலிகள், கேமராக்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவரை ஒருத்தரும் சத்தம் போடவில்லை. அப்போது விருந்தினரின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. வரவேற்க வந்தவர்கள், அது எந்த நிகழ்ச்சி, உள்ளே என்ன நிற்கிறது என்று எதுவும் தெரியாமல், எல்லா விழாவிலும் செய்வதைச் செய்தார்கள். ஆயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டார்கள்.

பதினெட்டு மான்களும் எழும்பின. துணி மட்டும் இருந்திருந்தால் சுற்றிச் சுற்றி ஓடி அடங்கியிருக்கும். இராமச்சந்திரன் பிற்பாடு அடித்துச் சொன்னார். ஆனால் சுவரில் ஐந்து இடத்தில் வெளிச்சம். மான்கள் வெளிச்சத்தில் பாய்ந்தன. ஜாலரைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஒன்று, அதன் மேல் இன்னொன்று. வெளியே குதித்தவை நேராக இரும்புத் தடுப்பில். ஒரு பெட்டை மான் சோபாவின் காலடியில் விழுந்து, வயிறு ஏறி இறங்க, ஒரு அம்மாவின் புடவையைப் பார்த்துக்கொண்டே செத்தது. ஒருவர் அப்போதும் போட்டோ எடுத்தார். தசரதன் கயிற்றை விட்டுவிட்டு ஓடி, அடுத்த ஜன்னலைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு நின்றார். ஒரு கொம்பு அவர் விலாவில் இறங்கியது. அந்தத் தழும்பு இருக்கிறது. அவர் மூடிய ஜன்னல் வழியாக மட்டும் எதுவும் போகவில்லை.

செத்தவை பத்து. எட்டு மான்கள் திரும்பி ஓடிப் புதருக்குள் மறைந்தன.

மூன்றாம் நாள், விலாவில் கட்டோடு இருந்தவரைக் கம்பெனியின் கண்டெய்னர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. ‘ஒப்பந்ததாரர் அமைத்த துணி பழையதாகவும் தரமற்றதாகவும் இருந்தமையால் கிழிந்து, மான்கள் வெளியேறி உயிரிழக்க நேரிட்டது.’ ஜன்னல் இல்லை. வெடி இல்லை. விழாவே இல்லை!

தசரதன் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார்.

“துணி கிழியல சார். நான் வெட்னேன். நீங்க சொன்னீங்க.”

“யார் சொன்னது? எழுத்துல இருக்கா?” அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. டீ சொல்லிவிட்டுப் பேசினார். “இதுல உனக்கு ஒரு கேசும் வராது. நான் பார்த்துக்கறேன்.”

“அந்த எட்டு மானு சார்?”

“எந்த எட்டு? இடமாற்றம் முடிஞ்சாச்சு. மீதி இல்லைன்னு ரிப்போர்ட் போகுது. நாளைக்கே ஜேசிபி வருது, புதரத் தள்ளப் போறாங்க.”

தசரதனுக்கு அந்த வினாடி வெளியே நிற்கிற புதர் மட்டும்தான் தெரிந்ததாம். மஞ்சள் இயந்திரம் ஒரு பக்கம், மதில் ஒரு பக்கம், நடுவில் எட்டு மான். பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை.

“ஜேசிபிய ஆறு நாளு தள்ளி வைங்க. லாரியும் வோணும். நான் கையெழுத்து போடறேன்.”

அதிகாரி சிரித்தார். “பேரம் பேசறியா?”

“ஆமா சார். பேரம்தான்.”

அன்றைக்கே, அந்த அறையிலேயே, போனில் ஜேசிபி தள்ளிப்போனது. அவ்வளவு சுலபம்! ஒரு பொய்க்குக் கையெழுத்துக் கிடைத்ததும் ஐந்து நிமிடத்தில் கிடைத்த ஆறு நாள், இராமச்சந்திரன் உண்மையைச் சொல்லிக் கெஞ்சியபோது கிடைக்கவில்லை. இதைத் தட்டும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மரகதம் கையிலிருந்த சொம்பைத் தரையில் அடித்தாள்.

“இன்னாய்யா பண்ணிட்டு வந்துகீற? உன் துணி மட்டத் துணியா? நான் தெச்ச துணி மட்டத் துணியா?”

“நான்தானே மரகதம் வெட்னேன். முடியாதுன்னு சொல்லியிருந்தா...”

“வெட்னதான். அது உன் தப்பு, அதுக்கு நீ உக்காந்து அழு, நானும் கூட அழுவறேன். அவன் பண்ண தப்புக்கு ஏன்யா நீ கையெழுத்து போட்ட?”

“எட்டு உசுருமே.”

மறுநாள் காலையில் அவருக்கு முன்னால் அவள் ஊசி நூலோடு கிளம்பி நின்றாள். வெயிலில் தரையில் உட்கார்ந்து, ஐந்து ஜன்னலுக்கும் இரட்டைத் துணி வைத்துத் தைத்து மூடினாள்.

ஆனால் ரத்தம் ஊறிய மண்ணுக்கு மான் வரவில்லை. முதல் நாள் இல்லை, இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் தசரதன் முடிவெடுத்தார். மொத்தத்தையும் பிடுங்கிப் புதரின் மறுபக்கம் நட வேண்டும். பேச்சிராஜ் தன் ரூமில் தங்கியிருந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தான். காலை ஷிப்ட் முடித்து யூனிபாரத்தோடே பதினொரு பேர்.

“ஏலே, ஓடி வா. அஞ்சு மணி பஸ்ஸுல எவனாது ஏறினான்னு வையி, கம்பத்தோட சேத்து நட்டுருவேன்,” என்று அவர்களை விரட்டினான். “அண்ணாச்சி, நீங்க உக்காருங்க. விலாவ புடிச்சிக்கிட்டே நின்னா நாங்க ஒங்களப் பாக்கவா, குழியப் பாக்கவா?”

இருட்டுவதற்குள் நட்டு முடித்தார்கள். நாலாம் நாள் மான் எட்டிப் பார்த்தது. ஐந்தாம் நாள் தின்றது. ஆறாம் நாள் காலை, இராமச்சந்திரனும் திரும்பி வந்து பக்கத்தில் குத்தவைத்திருக்க, ஏழு மான்கள் உள்ளே வந்தன. எட்டாவது, வயதான கொம்பன், வாயிலேயே நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. தசரதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தூரத்தில் ஜேசிபி உறுமும் சத்தம் கேட்டது. ஏழும் தலையைத் தூக்கின. இனிக் காத்திருந்தால் ஏழும் போய்விடும். அவர் கயிற்றை இழுத்தார்.

ஏழும் உயிரோடு காட்டில் இறங்கின. ஒரு சாவு இல்லை.

பிறகு என்ன நடந்தது? அறிக்கை வெளியானது. இராமச்சந்திரன் எழுதிக் கொடுத்த ஆட்சேபம் அதில் சேர்க்கப்படவில்லை. அவர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அரசாங்க விழா எதற்கும் தசரதனைக் கூப்பிடக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. கல்யாண வீட்டார்கூட, மான் செத்த துணி மணமேடைக்கு வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அதிகாரிக்கு மட்டும் ஒரு கேடயம் கிடைத்தது, சிறப்பான வனவிலங்கு இடமாற்றத்துக்காக. அறிக்கையின் கடைசி வரி: ‘வளாகத்தில் தற்போது மான்கள் எதுவும் இல்லை.’ அந்தக் கொம்பன் இன்றைக்கும் கம்பெனி கேண்டீனுக்குப் பின்னால், தள்ளாமல் விட்ட ஒரு துண்டுப் புதரில் நிற்கிறது. தாளில் இல்லாததால் அதற்குத் தண்ணீர் வைக்க ஒருவருக்கும் உத்தரவு இல்லை. வாட்ச்மேன்கள் தங்கள் குடத்திலிருந்து ஊற்றுகிறார்கள்.

இரண்டு வருடமாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று தசரதனைக் கேட்டபோது அவர் கம்பத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டே சொன்னார்: “யாரும் வந்து கேக்கலியே தம்பி.”

நாம் கேட்கவில்லை. அறிக்கையைப் படித்தோம், திட்டினோம், அடுத்ததற்குப் போனோம். அதனால் கேட்கிறேன். அந்த அறிக்கையை யார் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்கள் எல்லோருக்கும் இதையும் அனுப்புங்கள். ஒருவரையும் விடாதீர்கள். அந்தக் கொம்பனைக் கூட்டிப்போகச் சொல்லிக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், எழுதும்போது ‘எட்டாவது மான்’ என்று எண் போட்டு எழுதுங்கள். கொண்டுபோக ஒப்புக்கொண்டால் துணி தயாராக இருக்கிறது, மரகதம் ஜாலர் பிரித்தே வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனால் மண்ணூரில் இறங்கி, தகரக் கொட்டகைப் பந்தல் கடை எது என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் விசேஷம் இருந்தால் அவரிடமே சொல்லுங்கள். வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவரைக் கேளுங்கள். இப்போதெல்லாம் அவர் ‘முடியாது’ என்றும் சொல்கிறார். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.